இரவுப் பணியில் மாணவர் கற்பது என்ன? மூத்தவரை எப்போது எழுப்ப வேண்டும்?

கேள்வி: இறுதியாண்டு மாணவி

வணக்கம். நான் மருத்துவப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். பொது மருத்துவப் பிரிவில் எங்களுக்கு இரவுப் பணி தொடங்கியிருக்கிறது. பகலில் பேராசிரியர், உதவிப் பேராசிரியர், முதுநிலை மாணவர்கள் என்று ஒரு கூட்டமே நோயாளியின் கட்டிலைச் சூழ்ந்து நிற்கும். நாங்கள் பின்வரிசையில் நின்று குறிப்பெடுத்தால் போதும். இரவிலோ ஒரு பயிற்சி மருத்துவரும் ஒரு முதுநிலை மாணவரும் மட்டுமே பல வார்டுகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் இருவரும் அவசரப் பிரிவுக்குப் போய்விட்டால், நோயாளியின் உறவினர்கள் முதலில் தேடி வருவது வெள்ளைக் கோட்டு அணிந்து நிற்கும் என்னைத்தான்.

எனக்கு இரண்டு ஐயங்கள். என் இரவின் பெரும்பகுதி இரத்த மாதிரி எடுப்பதிலும், அதை ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதிலும், முடிவுக்காகக் காத்திருப்பதிலும் கழிகிறது. அந்த நேரத்தில் உறங்கி எழுந்து புத்தகம் படித்தால் தேர்வுக்காவது உதவும் என்கிறார் என் வகுப்புத் தோழர் ஒருவர். இதற்கு அப்பால் இரவில் கற்பதற்கு உண்மையாகவே ஏதேனும் இருக்கிறதா?

இரண்டாவது, மூத்த மருத்துவரை எப்போது எழுப்புவது என்பது. சென்ற வாரம் ஒரு நோயாளி படுக்க மறுத்துக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய பதிவேட்டில் பி.பி., பல்ஸ், மூச்சு எண்ணிக்கை எல்லாம் வழக்கமான அளவிலேயே இருந்தன. ஆனால் செவிலியர் ஒருமுறை அவரைப் பார்த்ததுமே மருத்துவர் அறைக் கதவைத் தட்டிவிட்டார். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. அவர் எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பதில் 1: பொது மருத்துவ முதுநிலை மாணவர்

உங்கள் தோழரின் கருத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாதிரிக் குப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது மட்டுமே இரவுப் பணி என்றால், அதற்காக உறக்கத்தை இழக்கத் தேவையில்லைதான். சில பிரிவுகளில் மாணவரைக் கூலியில்லா ஏவலாளாக மட்டுமே நடத்துகிறார்கள் என்பதையும் நான் மறுக்க மாட்டேன்.

இருந்தாலும், பகலில் எந்தப் பேராசிரியராலும் கற்பிக்க இயலாத ஒன்று இரவில் கிடைக்கிறது. பகலில் நீங்கள் பார்க்கும் நோயாளிக்கு ஏற்கெனவே ஒரு நோய்ப் பெயர் சூட்டப்பட்டிருக்கும். நீங்கள் அந்தப் பெயரிலிருந்து பின்னோக்கிப் படிக்கிறீர்கள். இரவில் அழைப்பாக வருவது பெயரில்லாத தொந்தரவு. காய்ச்சல் அடிக்கிறது, சிறுநீர் இறங்கவில்லை, ஆள் பிதற்றுகிறார், மார்பில் ஏதோ அடைக்கிறது என்றுதான் செய்தி வரும். அதிலிருந்து முன்னோக்கி யோசிக்கப் பழகும் இடம் இரவு வார்டு.

அண்மையில் ஒரு பின்னிரவில், நுரையீரல் தொற்றுக்காகச் சேர்க்கப்பட்டிருந்த முதியவர் ஒருவர் கட்டிலிலிருந்து இறங்க முயல்வதாகவும் ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்குவதாகவும் அழைப்பு வந்தது. உறங்குவதற்கு ஏதாவது ஊசி போட்டுவிடுங்கள் என்று அவருடைய மகன் மன்றாடினார். என்னுடன் ஒரு மாணவர் வந்திருந்தார். இரத்தச் சர்க்கரை, ஆக்சிஜன் அளவு, பி.பி., உடல் வெப்பம் ஆகியவற்றை வரிசையாகப் பார்த்தோம், எதிலும் மாற்றமில்லை. போர்வையை விலக்கி அடிவயிற்றில் கை வைக்கச் சொன்னேன். தொப்புள் வரை பந்துபோல் இறுகிய சிறுநீர்ப்பை அவர் கையில் தட்டுப்பட்டது. சிறுநீரை வெளியே வடிக்கும் கதீட்டர் குழாய் முதியவரின் தொடைக்கு அடியில் மடிந்து நசுங்கியிருந்தது. மாலைக்குப் பிறகு குழாயின் முனையிலுள்ள பையில் ஒரு சொட்டும் சேரவில்லை. மடிப்பை எடுத்துவிட்டதும் அந்தப் பை நிறையத் தொடங்கியது, அவரும் கொஞ்ச நேரத்தில் அடங்கிப் படுத்துவிட்டார். குழப்பம் முழுவதும் தெளிய மறுநாள் மாலை ஆயிற்று என்பது வேறு. அந்த மகன் கேட்டபடி ஊசி போட்டிருந்தால் அவர் சத்தமில்லாமல் படுத்திருப்பார், சிறுநீர்ப்பை அப்படியே நிரம்பிக்கொண்டிருந்திருக்கும். பிதற்றும் முதியவருக்கு அமைதிப்படுத்தும் மருந்து கொடுப்பதற்கு முன் சர்க்கரை, ஆக்சிஜன், சிறுநீர்ப்பை, தொற்று, வலி, புதிதாகத் தொடங்கிய மருந்துகள் ஆகியவற்றைத் தேட வேண்டும் என்பது எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. அன்று கை வைத்துப் பார்த்த மாணவருக்கு அதை இனி யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

ஆகவே மாதிரி எடுக்கச் சொன்னால் எடுங்கள். ஆனால் எதற்காக என்று கேட்காமல் எடுக்காதீர்கள். இப்போது இந்தப் பொட்டாசியத்தை ஏன் பார்க்கிறோம், எந்த அளவு வந்தால் என்ன செய்வோம் என்று மருத்துவரிடம் ஒரு வரியில் கேட்டுவிட்டுப் போனால், ஆய்வக வாசலில் நிற்கும் நேரமும் படிப்பு நேரமாகிவிடும்.

எழுப்புவதைப் பற்றி. மூச்சு நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டினாலோ எட்டுக்குக் கீழே போனாலோ, மாஸ்க் வைத்தும் ஆக்சிஜன் அளவு ஏறவில்லை என்றாலோ, மேல் பி.பி. 90-க்குக் கீழே இறங்கினாலோ, தெளிவாக இருந்தவர் மயங்கிச் சரிந்தாலோ, வலிப்பு, புதிய மார்பு வலி, நிற்காத இரத்தப்போக்கு இவற்றில் எது வந்தாலோ, யோசிக்காமல் அழைக்க வேண்டும். இவை தவிர, எண்களின் அளவைவிட அவை போகும் திசையைப் பாருங்கள். 110-லேயே இரவு முழுவதும் நிற்கும் பல்ஸைவிட, 80, 95, 110 என்று மணிக்கொருமுறை ஏறிக்கொண்டிருக்கும் பல்ஸ் என்னைக் கூடுதலாகக் கவலைப்படுத்தும்.

அழைத்துப் பேசும்போது கதை சொல்லத் தொடங்காதீர்கள். “பெண்கள் வார்டு, ஏழாம் கட்டில், அறுபது வயது, மாரடைப்புக்காக நேற்றுச் சேர்க்கப்பட்டவர். அரை மணி நேரமாக மூச்சுத் திணறுகிறது. மூச்சு 34, ஆக்சிஜன் 86, இரு நுரையீரலின் அடிப்பகுதியிலும் இரைச்சல் கேட்கிறது. நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்” என்று சொன்னால் உறக்கத்திலிருந்து எழும் மனிதருக்கு அதுவே போதும். கடைசி வாக்கியம்தான் முக்கியம். அதை விட்டுவிட்டால், “சரி, ஆக்சிஜன் வையுங்கள், பார்க்கலாம்” என்று சொல்லி அவர் மறுபடியும் படுத்துவிடக் கூடும்.

இன்னொன்று: மாணவராகிய உங்களுக்கு மருந்து எழுதும் உரிமை கிடையாது. தொலைபேசியில் மூத்தவர் சொல்லும் மருந்தை நீங்கள் கேட்டுச் செவிலியரிடம் சொல்வதும் கூடாது. தொலைபேசியைச் செவிலியர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். இது உங்களைக் குறைத்துச் சொல்வதல்ல, உங்களுக்கான பாதுகாப்பு.

பதில் 2: வார்டு செவிலியர்

தங்கை கேட்ட இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அந்த நோயாளியை நான் பார்க்கவில்லை. ஆனால் என் சகோதரச் செவிலியர் எதைக் கண்டிருப்பார் என்பதை ஓரளவு ஊகிக்க முடியும்.

படுக்கச் சொன்னால் படுக்காமல், இரண்டு கைகளையும் ஊன்றி முன்னால் சாய்ந்து உட்காரும் மனிதருக்கு மூச்சு போதவில்லை என்று பொருள். அவரிடம் பெயரைக் கேட்டால், ஒரே மூச்சில் சொல்லி முடிக்க மாட்டார், இடையில் நிறுத்துவார். நெற்றியைத் தொட்டால் குளிர்ந்து வியர்த்திருக்கும். இவ்வளவையும் கட்டிலுக்குச் சில அடி தூரத்தில் நின்றே ஏறக்குறைய தெரிந்துகொள்ளலாம். கருவி எதுவும் தேவையில்லை.

பதிவேட்டில் மூச்சு எண்ணிக்கை வழக்கம்போல் இருந்தது என்கிறீர்கள். வெளிப்படையாகச் சொல்கிறேன், மருத்துவமனைப் பதிவேடுகளில் எல்லாவற்றையும்விட நம்பத்தகாத எண் அதுதான். பி.பி.யையும் பல்ஸையும் ஆக்சிஜனையும் கருவி காட்டிவிடுகிறது. மூச்சை மனிதர்தான் ஒரு நிமிடம் நின்று எண்ண வேண்டியிருக்கிறது. அந்த ஒரு நிமிடம் கிடைக்காதபோது, வரிசையாக எல்லாருக்கும் 18, 20, 18, 20 என்று எழுதப்பட்டுவிடுகிறது. ஆனால் உடல்நிலை சரியத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது அந்த எண்தான். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி தம்மையறியாமல் மூச்சை மாற்றிவிடுவார்.

கூடவே இருக்கும் உறவினர் “இவர் இப்படி இருக்க மாட்டார்” என்று சொன்னால், அதையும் ஓர் அளவீடாக எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் அந்த நோயாளியை அன்று இரவுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். அந்த உறவினர் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பின்னிரவில் எழுதப்படும் மருந்துச் சீட்டைப் பற்றியும் ஒரு சொல். 1 என்று எழுத வேண்டிய இடத்தில் 1.0 என்று எழுதினால், புள்ளி மங்கிப் பத்தாகப் படிக்கப்படும். 0.5 என்பதை வெறுமனே .5 என்று எழுதினால் ஐந்தாகிவிடும். எந்த மருத்துவராக இருந்தாலும் நான் மருந்தின் பெயரையும் அளவையும் உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுப்பேன். சிலர் முகம் சுளிப்பார்கள், சுளித்துவிட்டுப் போகட்டும். நீங்கள் மருத்துவரான பிறகு அப்படிப் படித்துக் காட்டும் செவிலியரிடம் எரிந்து விழாமல் இருந்தால் போதும்.

பதில் 3: பயிற்சி மருத்துவர்

மேலே இருவரும் சொன்னவை சரியானவை. ஆனால் இரவுப் பணியைப் பற்றிப் பேசும்போது எப்போதும் கற்றலை மட்டுமே பேசி, அந்த இரவின் நீளத்தைப் பேசாமல் விட்டுவிடுகிறோம். முந்தைய நாள் காலையில் தொடங்கிய பணி மறுநாள் பிற்பகல் வரை நீளும்போது, கடைசி ஆறேழு மணி நேரத்தில் யாரும் எதையும் கற்பதில்லை.

மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே குடியிருந்து பயில வேண்டும் என்ற வழக்கத்தை அமெரிக்காவில் நிலைநிறுத்தியவர்களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை சிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட் முக்கியமானவர். அவரே கொக்கெய்னுக்கும் பிறகு மார்ஃபினுக்கும் அடிமைப்பட்டிருந்தார் என்பது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அவர் வகுத்த முறையைப் புனிதமாகக் கருதுபவர்கள் இதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

1984-இல் நியூயார்க்கில் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சில மணி நேரத்தில் இறந்தார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நீண்ட நேரப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள். பத்திரிகையாளரான அவருடைய தந்தை விடாமல் போராடியதன் விளைவாக, வாரத்துக்கு 80 மணி நேரம், தொடர்ச்சியாக 24 மணி நேரம் என்ற வரம்பை நியூயார்க் மாநிலம் 1989-இல் கொண்டுவந்தது. அமெரிக்கா முழுவதற்கும் 80 மணி நேர வரம்பு வர 2003 ஆயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி சராசரியாக வாரத்துக்கு 48 மணி நேரம்தான்.

ஆய்வுகளும் இருக்கின்றன. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வொன்றில், 24 மணி நேரமும் அதற்கு மேலும் நீளும் பழைய முறையில் பணியாற்றிய பயிற்சி மருத்துவர்கள், குறுகிய நேரப் பணி செய்தவர்களைவிட 36 விழுக்காடு கூடுதலாகத் தீவிரப் பிழைகள் செய்தார்கள். எனவே “நாங்களெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம்” என்று மூத்தவர்கள் சொல்லும்போது, அவர்கள் வளர்ந்ததை மறுக்க முடியாது. அவர்களுடைய நோயாளிகளும் அதற்கு விலை கொடுத்திருப்பார்கள் என்பதைத்தான் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பதில் 4: தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்

முந்தைய பதிலை எழுதியவரின் கோபம் நியாயமானது. ஆனால் படம் அவர் வரைந்ததைவிடச் சிக்கலானது. 2011-இல் அமெரிக்காவில் முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்களுக்குத் தொடர்பணி 16 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. 2017-இல் அது மீண்டும் 24 ஆக்கப்பட்டது. இடையில் அறுவை சிகிச்சையிலும் பொது மருத்துவத்திலும் நடந்த இரண்டு பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளில், நீண்ட பணிக்கு இடமளித்த பயிற்சித் திட்டங்களில் நோயாளிகளின் இறப்பு கூடவில்லை.

இதைவிட வியப்பானது 2020-இல் வெளிவந்தது. 2004-இல் வெளியான ஆய்வை நடத்திய அதே ஆராய்ச்சியாளர், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மறுபடியும் ஒப்பிட்டபோது, குறுகிய நேரப் பணி முறையில்தான் பிழைகள் கூடியிருந்தன. காரணத்தைத் தேடினால், அந்த முறையில் ஒவ்வொரு மருத்துவரும் பார்க்க வேண்டிய நோயாளிகளின் எண்ணிக்கை உயர்ந்திருந்தது. அந்த எண்ணிக்கையையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது வேறுபாடு மறைந்துவிட்டது. அதாவது, ஆட்களைக் கூட்டாமல் மணி நேரத்தை மட்டும் குறைத்தால், களைப்புக்குப் பதிலாக நெரிசல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நேரம் குறையும்போது பணி ஒப்படைப்புகளும் கூடுகின்றன. ஒருவர் சென்று மற்றொருவர் வரும் அந்தச் சில நிமிடங்களில் தகவல் நழுவுகிறது. ஒப்படைப்பை ஒழுங்குபடுத்தும் ‘ஐ-பாஸ்’ முறையை ஒன்பது மருத்துவமனைகளில் புகுத்திப் பார்த்த ஆய்வு 2014-இல் வெளியானது; மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடும், தவிர்க்கக்கூடிய தீங்குகள் 30 விழுக்காடும் குறைந்தன. நோயாளி எவ்வளவு மோசமாக இருக்கிறார், சுருக்கம் என்ன, செய்ய வேண்டிய வேலை என்ன, இரவில் எது நேரலாம், நேர்ந்தால் என்ன செய்வது ஆகியவற்றைச் சொல்லி முடித்ததும், கேட்டவர் அதைத் தம் வாயால் திரும்பச் சொல்ல வேண்டும். பல இடங்களில் விடுபடுவது இந்தக் கடைசிப் படிதான்.

கேள்வி கேட்ட மாணவிக்கு இதில் ஒரு பயன் உண்டு. மாலை ஒப்படைப்பின்போது உடன் இருங்கள், “இன்று இரவு இந்த வார்டில் யாரைப் பற்றி உங்களுக்குக் கவலை?” என்று கேளுங்கள். இரண்டு மூன்று கட்டில் எண்கள் கிடைக்கும். நள்ளிரவுக்கு முன் அந்தக் கட்டில்களுக்கு நீங்களே சென்று, யாரும் அழைக்காதபோதே ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிறகு அழைப்பு வந்தால், அவர் முன்பு எப்படி இருந்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பார்த்தேன். பதிவேட்டில் 20 என்றிருந்த இரண்டு பேருக்கு 26, 28 என்று வந்தது. செவிலியரிடம் சொன்னேன், அவரும் எண்ணிப் பார்த்துத் திருத்தி எழுதினார். மருத்துவரும் வந்து பார்த்தார்.

இன்னும் இரண்டு. அதிகாலையில் ஒருவர் இறந்தபோது, உறுதிசெய்யும் இடத்தில் என்னையும் நிற்கச் சொன்னார்கள். அப்போது மாணவர் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் கற்பிக்கவில்லை. மேலும், மூன்று மணிக்கு மேல் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வருகிறது; காபி குடித்தால் மறுநாள் பகலில் உறக்கம் வருவதில்லை.

பதில் 5: பொது மருத்துவ முதுநிலை மாணவர்

இறப்பை உறுதிசெய்வதில் அவசரம் கூடாது என்பதுதான் முதல் பாடம். பெயர் சொல்லி அழைத்தும் வலி கொடுத்தும் அசைவில்லை என்பதைப் பார்த்து, கழுத்து நாடியைத் தொட்டு, இதய ஒலியையும் மூச்சொலியையும் சில நிமிடங்கள் தொடர்ந்து கேட்டு, கண்மணிகள் வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை என்பதைக் கண்டு, நேரத்தைக் குறிக்க வேண்டும். உறவினர்கள் அருகில் இருந்தால், செய்யப்போவதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. டார்ச்சை எடுத்துக் கண்ணில் அடிப்பதைத் திடீரென்று பார்ப்பவர்கள், உயிர் இருக்கிறதோ என்று நம்பத் தொடங்கிவிடுவார்கள். நீங்கள் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்க அனுமதி கேட்கலாம். கேட்டு முடித்ததும் கைப்பேசியை எடுக்காதீர்கள், வாசல் பக்கம் பார்க்காதீர்கள். மருத்துவர் உறவினர்களிடம் பேசும்போது அருகில் உட்கார்ந்து, அவர் எந்த இடத்தில் பேச்சை நிறுத்தி அவர்களை அழ விடுகிறார் என்பதைக் கவனியுங்கள். அன்றைய இரவில் அதைவிடக் கடினமான வேலை வேறெதுவும் இருக்காது.

மூன்று மணிக்குக் கண் இருட்டுவது உங்கள் குறையன்று. உடலின் உள்கடிகாரப்படி, ஏறக்குறைய மூன்றிலிருந்து ஐந்து மணி வரைதான் உடல் வெப்பமும் விழிப்பும் மிகவும் தாழ்ந்திருக்கும். எத்தனை ஆண்டு பழகினாலும் அது முழுவதுமாக மாறாது. பணிக்கு வருவதற்கு முன் பிற்பகலில் ஒன்றரை மணி நேரம் உறங்குவதுதான் எனக்குத் தெரிந்த சிறந்த வழி. இரவில் இடைவெளி கிடைத்தால் இருபது நிமிடம் படுங்கள்; அதற்கு மேல் போனால் ஆழ்ந்த உறக்கத்தில் இறங்கிவிடுவீர்கள், எழுந்ததும் சிறிது நேரம் தலை ஓடாது. அப்படிக் கனத்த தலையோடு எழுந்த உடனே யாரும் மருந்தளவைக் கணக்கிடக் கூடாது. காபியில் உள்ள காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஆகவே பணியின் முற்பகுதியில் குடித்து, மூன்று மணிக்குப் பிறகு தொடாமல் இருந்தால் காலை உறக்கம் அவ்வளவாகக் கெடாது.

பணி முடிந்து வீடு திரும்புவதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. பயிற்சி மருத்துவர்களிடம் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வொன்றில், நீண்ட பணிக்குப் பின் வாகனம் ஓட்டியவர்களுக்கு விபத்து நேரும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் இருந்தது. காலை வெளிச்சத்தில் விழிப்பாக இருப்பதுபோல் தோன்றும், அதை நம்பாதீர்கள். வண்டியை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டு, வேறொருவர் ஓட்டும் வாகனத்தில் போங்கள். அல்லது மாணவர் அறையில் ஒரு மணி நேரம் உறங்கிவிட்டுக் கிளம்புங்கள்.